இறங்காமல் பாலம் ஏறிவிட்டேன், டாக்டர்!

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கிறதா? கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மகன் பிளஸ் டூ படித்தபோது ஓட்டியதாக இருக்கும். பைக் வந்ததும் அதை மறந்திருப்பான். அல்லது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிளாக இருக்கும். டயரில் காற்று இருக்காது. கேரியரில் பழைய பேப்பர் கட்டு. ஹேண்டில் பாரில் வெங்காயப் பை. முதலில் அந்த வெங்காயப் பையை இறக்கி வையுங்கள். இன்றைய பாடம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

நான் எழுதிக் கொடுக்கும் சீட்டில் சூரணம், தைலத்துக்கெல்லாம் மேலே, முதல் வரியில் 'நடை' என்று இருக்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை, எதற்கு வந்தாலும் இந்த வரி உண்டு. அடுத்த தடவை வரும்போது "நடக்கிறீர்களா?" என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். "எட்டு நாள் நடந்தேன் டாக்டர், அப்புறம் மழை வந்திருச்சு." எட்டாம் நாள் மழை வராவிட்டால் ஒன்பதாம் நாள் விருந்தாளி வருவார். நான் கோபித்துக்கொள்வதில்லை. கடமைக்காகச் செய்கிற காரியத்துக்கு மழையும் விருந்தாளியும் எப்போது வருவார்கள் என்றுதான் மனசு காத்திருக்கும்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், வயது 52. ஏழு வருடமாகச் சர்க்கரை. நடக்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஒருநாள் பேச்சுவாக்கில், சின்ன வயதில் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டேன். மனுஷருக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. வாடகைக்கு முக்கால் சைக்கிள் எடுத்தது, குரங்குப் பெடல் போட்டது, முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து அடி வாங்கியது என்று பத்து நிமிஷம் பேசினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அன்றைக்குச் சீட்டின் முதல் வரியை மாற்றி 'சைக்கிள்' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். கையில் ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தது. அதை நீட்டவே இல்லை. உட்காருவதற்கு முன்பே, "ஈரடுக்கு மேம்பாலத்துல இறங்காம ஏறிட்டேன் டாக்டர்!" என்றார். நெல்லை ஜங்ஷன் பாலத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் வாரம் பாதியிலேயே இறங்கித் தள்ளியிருக்கிறார். அப்புறம் மூன்றாவது விளக்குக் கம்பம் வரை. அப்புறம் ஐந்தாவது கம்பம் வரை. ஒருநாள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அநாயாசமாக ஏறிப் போவதைப் பார்த்து ரோஷம் வந்து, உச்சியைத் தொட்டுவிட்டார். சர்க்கரையும் குறைந்துதான் இருந்தது. ஆனால் அவர் மறுநாளும் சைக்கிளை எடுத்ததற்குக் காரணம் அந்தத் தாள் இல்லை, பாலம்தான்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். சைக்கிளை உடற்பயிற்சி என்று நினைத்து எடுக்காதீர்கள். ஆசைக்கு எடுங்கள். சின்னச் சின்ன ஜெயம் கிடைக்கிற காரியத்தை மனுஷன் விடமாட்டான். விடாமல் செய்தால்தான் உடம்புக்குப் பலன். வீட்டுக்குள் வாங்கிப் போட்டிருக்கும் உடற்பயிற்சி சைக்கிள் பல இடங்களில் துணி காயப்போடும் கொடியாகிவிட்டதற்கும் இதுதான் காரணம். அதில் ஏறினால் எந்தப் பாலமும் வராது, எந்தத் தெருவும் வராது.

உடம்புக்குள் என்ன நடந்தது?

அந்தப் பாலம் அதே பாலம்தான். மாறியது அவர். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் ரத்தத்தின் மொத்த அளவு கொஞ்சம் கூடுகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தமும் கூடுகிறது. அதனால் அதே வேலைக்குக் குறைந்த துடிப்பு போதும். இன்னும் சில வாரங்களில் தொடைத் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைவிடுகின்றன. தசைக்குள்ளே சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண் அடுப்புகள் பெருகுகின்றன. அடுப்பு அதிகமானால் சமையல் சீக்கிரம் ஆகும் அல்லவா?

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு லாபம். வேலை செய்கிற தசை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும்வரை காத்திருப்பதில்லை. தானே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் பல மணி நேரத்துக்கு இந்தக் குணம் இருக்கும். உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் இருக்கின்றன. சைக்கிள் மிதிப்பது அவற்றைத்தான் வேலை வாங்குகிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு மிதிக்கும் சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாடி பார்ப்பது எங்கள் தொழில். அதில் ஒரு சின்னப் பங்கை உங்களிடமே தருகிறேன். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுக்கத் துடிப்பை எண்ணுங்கள். காலண்டரில் எழுதுங்கள். சைக்கிள் ஓட்டத் தொடங்கி இரண்டு, மூன்று மாதத்தில் பலருக்கு இந்த எண் சிலவாவது இறங்கும். 84 என்றிருந்தது 78 ஆனால் அது ஒரு ஜெயம்தான், பாலம் ஏறியதுபோலவே. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிவராது.

பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் கவனித்து, 2017-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. வேலைக்குச் சைக்கிளில் போய் வந்தவர்களுக்கு இதய நோயும் புற்றுநோயும் வருவது குறைவாக இருந்தது; அந்தக் காலத்துக்குள் இறந்தவர்களும் அவர்களில் குறைவு. சைக்கிளில் போகிறவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் திடமானவர்களாக இருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வாளர்களும் முடிந்தவரை அதைக் கழித்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முழங்கால் வலிக்கும் என்கிறீர்களா?

"ரெண்டு நாள் ஓட்டினேன், முட்டி வலி வந்திருச்சு" என்று சொல்லி சைக்கிளை மறுபடி மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டவர்கள் அநேகம். உள்ளபடிக்கு, நடையைவிடவும் ஓட்டத்தைவிடவும் முழங்காலுக்குச் சைக்கிள் இதமானது. உடம்பின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டு மடங்கி நிமிர, மடங்கி நிமிர, உள்ளேயிருக்கும் பசைநீர் குருத்தெலும்பு மேல் பரவி ஊட்டம் கொடுக்கிறது. அப்படியிருக்க வலி ஏன்? பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதுதான். தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச் சிப்பியின் பின்புறம் அழுத்தம் ஏறும். வலி முன்பக்கம் வரும். மாறாகச் சீட் ரொம்ப உயரமானால் கால் எட்டாமல் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். வலி முழங்காலின் பின்பக்கம் வரும்.

அளவு எப்படிப் பார்ப்பது? சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். செருப்போ ஷூவோ, ஓட்டும்போது எதைப் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். குதிகாலைப் பெடல்மேல் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது குதிகாலால் மிதிக்க மாட்டீர்கள், பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள். அப்போது முழங்கால் இலேசாக மடங்கினாற்போல் இருக்கும். அது போதும்.

இந்த உயரத்தில் ஒரு சங்கடம் உண்டு. உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடியாது. பல வருஷம் கழித்து ஏறுகிறவர்களுக்குப் பயமாக இருக்கும். அவர்கள் முதல் இரண்டு வாரம் சீட்டைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம். பழக்கம் வர வர ஒரு விரல்கடை, ஒரு விரல்கடையாக ஏற்றுங்கள். சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னால் ஒரு ஸ்பானரால் அரை நிமிஷத்தில் செய்துகொடுப்பார். ஆனால் அவர் கண்ணளவில் வைப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள், குதிகால் அளவு பார்த்தே வாங்குங்கள்.

கியர் வைத்த சைக்கிளாக இருந்தால், கனமான கியரைப் போட்டு முக்கி மிதிப்பது வீரம் அல்ல, முட்டிக்குச் செய்யும் துரோகம். இலேசான கியரில் கடகடவென்று சுற்றுங்கள். உள்ளங்கை மரத்துப் போனால் ஹேண்டில் பாரை இறுகப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். தொடையிடுக்கில் மரமரப்பு வந்தால் அலட்சியம் வேண்டாம். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள், மட்டமாக வையுங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெடல்மேல் எழுந்து நின்றுகொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடம்பின் பாரத்தைச் சீட் தாங்குவதால் எலும்புக்குச் சைக்கிளால் பெரிய பலம் கிடைக்காது. மாதவிடாய் நின்ற பெண்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் சைக்கிளோடு கொஞ்சம் நடையையும் மாடிப்படியையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எவ்வளவு தூரம்?

முதல் வாரம் தூரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். காலையில் 15 நிமிஷம், தெருவைச் சுற்றி. நிதானமாக ஓட்டினால் அதுவே 3 கிலோமீட்டர் வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டிக்கொண்டே போனால், ஒன்றரை மாதத்தில் முக்கால் மணி நேரத்தை நெருங்கிவிடுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. நீங்கள் அதைச் சந்தோஷமாகவே தாண்டிவிடலாம்.

மிதம் என்றால் எது? எங்கள் பக்கத்து வீடான ஆயுர்வேதத்தில், சுசுருதர் நூலில் அழகான அளவுகோல் இருக்கிறது: உன் பலத்தில் பாதியளவு உழை, வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்தால் பாதி தீர்ந்தது என்று தெரிந்துகொள். இன்றைய மருத்துவர்கள் இதையே 'பேச்சுச் சோதனை' என்கிறார்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரியான வேகம். பாட்டுப் பாட முடிகிறதா? இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம். "ம்", "ம்" என்று மட்டும்தான் வருகிறதா? குறையுங்கள்.

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், மலம், இளைப்பு, மூச்சு என்று உடம்பு தானாகக் கேட்பவை. இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் இதை மனப்பாடம் செய்தபோது பரீட்சைக்கான விஷயமாகத்தான் தெரிந்தது. சைக்கிளில் போகும்போது பாருங்கள், இந்தப் பாடத்தில் பாதி வழியிலேயே வந்துவிடும். தாகம் எடுத்தால் நிறுத்திக் குடியுங்கள். சிறுநீர் வந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஒத்திப்போடாதீர்கள். இளைப்பு வந்தால் மரத்தடியில் இறங்கி நில்லுங்கள். இறங்கி நிற்பது தோல்வி இல்லை. பந்தயத்துக்கா போகிறோம்?

கிளம்புமுன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். காலி வயிறும் வேண்டாம். அரை டம்ளர் நீராகாரம் அல்லது ஒரு வாழைப்பழம் போதும். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோர். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பை விட்டுவிடுங்கள். ஐஸ் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்வது வேண்டாம். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் வெயிலில் அலைந்தால் அழல் கூடி தலைவலி, நீர்க்கடுப்பு என்று வந்து நிற்பீர்கள்.

தொடை வலிக்கு வாரம் ஒருநாள் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, இடுப்பிலிருந்து பாதம் வரை தேய்த்து, அரைமணி ஊறி, வெந்நீரில் குளியுங்கள். அன்றைக்குச் சைக்கிளுக்கு விடுமுறை. செயினுக்கும் அன்றே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்களேன், இருவருக்கும் ஒரே நாளாகப் போகட்டும். ஆனால் அதற்கு நல்லெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண் ஒட்டும். மெஷின் ஆயில்தான் சரி.

"இந்த வயசுல போயி, சைக்கிளா?"

பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நாலு பேர் என்ன நினைப்பார்கள்! 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. வயல் வேலைக்கும் கல் குவாரி வேலைக்கும் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி ஓட்டினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, எதற்கும் ஆண் துணைக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடுதலை. முன்னால் மகள், பின் கேரியரில் சாமான் என்று அவர்கள் போனபோது வயதை யாரும் கேட்கவில்லை.

என்னிடம் வரும் ஆசிரியை ஒருவர் 46 வயதில் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூட மைதானத்தில், விடுமுறை நாட்களில். கணவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி, அவருக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். நான் சொன்ன வழி வேறு: சீட்டை நன்றாகத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். காலால் தரையை உந்தி உந்திப் போங்கள். பாதம் தரையைத் தொடுகிற தைரியத்தில் சைக்கிளின் சமநிலை மூன்று, நாலு நாளில் உடம்புக்குப் புரிந்துவிடும். பிறகு பெடலை மாட்டுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில் பாரை மெல்லத் திருப்ப வேண்டும். பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் விழுவோம். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, பத்தடி தள்ளிப் பாதையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாரம் அந்த அம்மா மைதானத்தை ஒரு சுற்று முழுசாக வந்தார். "டாக்டர், ஒரு கையை எடுத்து பெல் அடிச்சேன்!" என்று அவர் சொன்னபோது குரலில் பத்து வயசுப் பெண் இருந்தாள். சேலை கட்டுகிறவர்கள் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், முழுதாக மூடிய செயின் கவர், பின் சக்கரத்துக்கு வலை, இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். முந்தானையும் துப்பட்டாவும் இடுப்பில் இறுக்கிச் செருகப்பட்டிருக்க வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துப்போடும்.

காற்றோடு ஒரு கணக்கு

சைக்கிளின் வேகத்துக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. நடந்தால் தெரு நகரவே மாட்டேன் என்கிறது. பைக்கில் போனால் தெரியாமலே போய்விடுகிறது. சைக்கிளில் போனால்தான் டீக்கடையில் முதல் வடை வேகும் வாசனை, அடுத்த வீட்டில் அம்மியோ மிக்ஸியோ என்கிற சத்தம், ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் முகத்தில் படும் குளிர்ச்சி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குறுக்குத்துறைப் பக்கம் தாமிரபரணி ஓரமாக விடியற்காலையில் ஒருநாள் போய்ப் பாருங்கள். தூக்கமில்லை என்று என்னிடம் வந்த இரண்டு பேருக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது இதைத்தான். ஒருவருக்குக் கேட்டது. இன்னொருவருக்கு மருந்தும் தேவைப்பட்டது.

எங்கள் சீமையில் சைக்கிள்காரனுக்கு உண்மையான எதிரி மேடு இல்லை, காற்று. ஆனி, ஆடி வந்துவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும். முப்பந்தலில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? எதிர்க்காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள் மார்பில் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. அதனால்தான் பெடல் திடீரென்று சிமெண்டில் புதைந்தது மாதிரி இருக்கிறது. கோவைக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. சென்னைக்காரர்களுக்குப் பகல் ஏறியதும் கிளம்பும் கடற்காற்று.

இதற்கு ஒரே விதி: போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், வரும்போது காற்றோடு வாருங்கள். தெரியாதவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். போகும்போது காற்று முதுகைத் தள்ள, "நமக்கு இவ்வளவு தெம்பா!" என்று பத்து கிலோமீட்டர் போய்விட்டு, திரும்பும்போது நடுரோட்டில் நிற்பார்கள். ஆனி, ஆடியில் நெல்லைக்காரர்கள் மேற்கே பேட்டை, சுத்தமல்லிப் பக்கம் போகலாம். கிழக்கே கிருஷ்ணாபுரம் கோயிலைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். நாயக்கர் காலச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால், அதுவே ஒரு வாரம் பேசுவதற்குக் காணும். திருச்செந்தூர் ரோடு என்பதால் பஸ்ஸும் லாரியும் உண்டு; ஞாயிறு விடியற்காலை உத்தமம். தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, வெளிர் நிறச் சட்டை. இதில் மட்டும் சலுகை கிடையாது.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள், புதிதாக உழைக்கத் தொடங்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, அகோரப் பசி, மனக் குழப்பம், இவைதான் அறிகுறி. உடனே இறங்கி உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைச் சாப்பிடுங்கள். 15 நிமிஷத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லாமல் கிளம்பக் கூடாது. அளவு இறங்குகிறதே என்று நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்; எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். சித்த வைத்தியன் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், கண் இருட்டுதல் வந்தால் அதோடு நிறுத்துங்கள். வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சைக்கிளில் அல்ல. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே ஏறலாம். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர்கள் செருப்போடு ஓட்டாமல் மூடிய ஷூ போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

அப்புறம் நாய். இதைக் கேட்காமல் யாரும் எழுந்து போனதில்லை. துரத்தினால் வேகமாக மிதிக்கத்தான் கால் துடிக்கும். மிதிக்க மிதிக்க அதற்கு உற்சாகம். மெதுவாக நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். முதுகைக் காட்டாமல், கத்தாமல், தள்ளிக்கொண்டே நகருங்கள். பெரும்பாலான நாய்கள் சக்கரம் நின்றதும் சுவாரஸ்யம் போய்த் திரும்பிவிடும். அப்படியும் கடித்துவிட்டால், கீறல் அளவே என்றாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும். இதில் மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் வேண்டாம்.

நாளைக் காலை தெருமுனைக் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறீர்களா? ரொம்ப நாள் நின்ற வண்டியில் டயர் வெடிப்பு விட்டிருக்கும், ட்யூப் ஒட்டிப்போயிருக்கும், பிரேக் கட்டை தேய்ந்து கல்லாகியிருக்கும். மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் ஆடினால் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். காற்று அடித்ததும் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள், அமுங்கக் கூடாது. காற்றுக் குறைவான டயரில் ஓட்டிவிட்டு, "எனக்குத் தெம்பில்லை டாக்டர்" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள்.